மழைப் பட்டியலில் ஒரு காலிக் கட்டம்

அக்டோபர் 3

சிஸ்டர் ஜோவிட்டா நேரிலேயே வந்துவிட்டார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமான பூகோள ஆசிரியையைத் தேடித் தலைமையாசிரியை குன்னூரின் இந்த ஏற்றத்தில் மூச்சிரைக்க நடந்து வருகிறார் என்றால் காரியம் இல்லாமல் இருக்காது. தேநீரும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தேன். வர்க்கி நமுத்திருந்தது. அவர் கவனித்தார், சொல்லவில்லை. கான்வென்ட் வளர்ப்பு.

காரியம் இதுதான். பள்ளியின் கணினி அறையில் மாட்ட ஒரு பட்டியல் வேண்டும். ஆசிரியர்களும் மாணவிகளும் இணையத்தில் எந்தப் பக்கங்களை நம்பலாம், எதிலிருந்து பாடத்துக்கும் செயல்திட்டத்துக்கும் எடுத்து எழுதலாம் என்று. போன வருடம் ஒரு வகுப்பில் பாதிப் பேர், தொட்டபெட்டா இமயமலையின் தென்கோடிச் சிகரம் என்று எழுதிக் கொடுத்தார்களாம். எல்லோரும் ஒரே இடத்தில் பார்த்தது.

“இப்ப இருக்கிற பூகோள டீச்சர் சுகப்ரியா கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரி. ஆனா எதைப் பார்த்தாலும் நம்பிடுவா. நீங்க எதையும் நம்ப மாட்டீங்க. ரெண்டு பேரும் சேர்ந்தா சரியா வரும்,” என்றார்.

புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னேன். பட்டியலில் என் பெயர் இருக்கும் என்றால் அதில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது.

அக்டோபர் 5

கணினி அறை என்கிறார்களே, அது எங்கள் பழைய நூலகம். ஜன்னல்கள் அதேதான். அலமாரிகள் நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

நான் படித்த காலத்தில் கலைக்களஞ்சியம் இங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். சாவி மதர் பெர்னதெத்தின் இடுப்பில். சோப்புப் போட்டுக் கை கழுவி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினால்தான் புத்தகம் மேசைக்கு வரும். எதை எழுதிக்கொண்டு போனாலும் மதர் இரண்டு கேள்வி கேட்பார். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? “புத்தகத்தில் இருக்கிறது, மதர்,” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அந்த வகுப்பு முடியும்வரை நின்றேன். “புத்தகத்துக்கு வாய் கிடையாது, கிளாரிஸ். பேசுகிறது ஒரு மனிதர். அவர் யார் என்று கேட்டாயா?”

சுகப்ரியாவிடம் இதைச் சொன்னேன்.

“இப்ப கை கழுவ வேண்டாம் மிஸ். கீபோர்டுதான் அழுக்கு,” என்றாள்.

முப்பது வயதிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறாள். தலையை ஒழுங்காகப் பின்னியிருக்கிறாள். பேச்சுதான் வேகம். அடுக்கடுக்காகப் பக்கங்களைத் திறந்து காட்டினாள். மதரின் கேள்விகளுக்குப் பெரும்பாலானவை பதில் சொல்லவில்லை. எழுதியவர் பெயர் கிடையாது, எப்போது எழுதியது என்று கிடையாது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியிருக்கிறது, எழுத்துப் பிழை உட்பட. சாயங்காலம்வரை உட்கார்ந்ததில் தேறியவை பாடநூல்களுக்கான அரசுப் பக்கம், பழைய தமிழ் நூல்களைப் படம் பிடித்து வைத்திருக்கிற மின்நூலகம், பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியம். அவ்வளவுதான்.

“ஒரு நாளைக்கு மூணு சைட்டுன்னா, நான் ரிடையர் ஆகறதுக்குள்ள முடிச்சிரலாம் மிஸ்.”

“நீ ரிடையர் ஆகிற அன்றைக்கு நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்,” என்றேன்.

சிரித்தாள். நானும்தான்.

அக்டோபர் 8

பூசை முடிந்து வந்ததும், வெயில் இருக்கும்போதே கம்பளித் துணிகளை வெளியே போட்டேன். சவரிராயனின் பழுப்புக் கோட்டும் உண்டு. கல்யாணத்துக்கு என் அப்பா நல்ல துணி வாங்கித் தைத்துக் கொடுத்தது. இரண்டு வருடம்கூட அவர் போடவில்லை. ஒரு மழையில் நனைந்து சுருங்கிவிட்டது என்றார். சுருங்கியதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் அதற்கும் விடவில்லை. “இருக்கட்டும்.” என் கணவர் பேசிய பேச்சில் பாதி அந்த ஒரு சொல்தான்.

அவர் போய்ப் பதினொரு வருடம். கோட்டு இருக்கிறது. வருடா வருடம் உதறிப் பாச்சை உருண்டை வைத்து மடிக்கிறேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 11

எங்கள் பட்டியலுக்கு முதல் சோதனை. ரிஃபானா என்று ஒன்பதாம் வகுப்புப் பெண், மார்க்கெட்டில் பேக்கரி வைத்திருப்பவரின் மகள். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ‘நம் ஊர் மழை’ என்று செய்கிறாள். பழைய காலத்திலிருந்து நாள்வாரியாக மழை அளவு வேண்டும்.

“நம்ம ஸ்கூல்லயே மழை அளந்தாங்களாமே மிஸ், நெஜமா?”

நிஜம்தான். இப்போது பள்ளி வேன்கள் நிற்கிற இடத்தில் அப்போது புல்வெளி. கம்பி வேலிக்குள் மழைமானி. அறிவியல் ஆசிரியர் சவரிராயன் தினமும் காலை எட்டரைக்கு அதன் முன் குனிவார். மாதம் முடிந்ததும் கணக்கு வானிலைத் துறைக்குப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், “எட்டரைக்குப் பிந்தினால் மழை கோபித்துக்கொள்ளுமா?” என்று கேட்டேன். “மழை கோபிக்காது. இதே நேரத்துக்கு ஊர் ஊராகக் குனிந்து நிற்கிறவர்கள் கோபிப்பார்கள்,” என்றார். அப்புறம் வேறு ஏதோ கேட்டேன். அடுத்த வருடம் கல்யாணம்.

பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும். “சார், ஒரு அம்பது மில்லிமீட்டர் சேத்துப் போடுங்க சார், லீவு விட்ருவாங்க.” அவர் நிமிராமலே சொல்வார், “பார்க்காததை எழுதக் கூடாது.” காய்ச்சலில் படுத்தாலும் ஒரு நாள் விடமாட்டார். என்னை அனுப்புவார். நான் சொல்கிற எண்ணை இரண்டு தடவை கேட்டு எழுதுவார்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மானிதான். எல்லாவற்றுக்கும்.

சுகப்ரியா இரண்டு இடங்களைக் கண்டுபிடித்தாள். இரண்டிலும் எங்கள் பள்ளியின் மழைக் கணக்கு இருக்கிறது. ஒன்று வண்ண வண்ணமாக வரைபடங்களோடு, எல்லா நாளுக்கும் எண் போட்டு. மற்றது சாம்பல் நிறத்தில், திறக்கவே நேரமாகிற பழைய பக்கம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காலிக் கட்டங்கள், நட்சத்திரக் குறிகள். வண்ணப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ஒழுங்கு என்றால் அது. மற்றது வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்ட பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வரும்படி ரிஃபானாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 13

மழை. குழாய் ரிப்பேர். ஆள் இதோ வருகிறேன் என்றான், வரவில்லை.

அக்டோபர் 17

பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது. இன்று தாவரங்களுக்கு ஒன்று, பழைய வரைபடங்களுக்கு ஒன்று சேர்த்தோம். மருத்துவக் குறிப்புகள் தருகிற ஒரு பக்கத்தைச் சுகப்ரியா கெஞ்சியும் சேர்க்கவில்லை. எழுதியவர் தன்னை ‘நலம் விரும்பி’ என்று சொல்லிக்கொள்கிறார்.

“ஸ்டாஃப் ரூம்ல உங்க பக்கத்துல உக்காந்தவங்க எல்லாம் பாவம் மிஸ்.”

“என் பக்கத்தில் உட்கார்ந்தவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.”

“அய்யோ, அவரும் பாவம்.” சிரித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டாள். “பசங்க இல்லையா மிஸ் உங்களுக்கு?”

“இல்லை,” என்றேன். அடுத்த பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.

அக்டோபர் 19

தலைவலி. பள்ளிக்குப் போகவில்லை. வருடத்தில் ஒரு நாள் இப்படி வரும்.

அக்டோபர் 20

ரிஃபானா ஒப்பிட்டு முடித்துவிட்டாள். சவரிராயன் அளந்த காலம் முழுவதிலும் இரண்டு பக்கங்களும் அப்படியே ஒத்துப்போகின்றன. ஒரு இடம் தவிர.

“மிஸ், 1971 அக்டோபர் பத்தொம்போது. கலர் சைட்டுல பதினொன்னு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர். பழைய சைட்டுல ஒண்ணுமே இல்ல, காலி. மறுநாளுக்கு நூத்தி அறுபத்திமூணு, பக்கத்துல ஸ்டார். எது நெஜம் மிஸ்?”

சுகப்ரியா இரண்டு பக்கத்திலும் அடியில் இருந்த பொடி எழுத்தைத் தேடிப் படித்தாள். வண்ணப் பக்கம் சொல்கிறது: விடுபட்ட நாட்கள் அக்கம்பக்கத்து ஊர்களின் அளவைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பப்பட்டவை. பழைய பக்கம் சொல்கிறது: காலி என்றால் அன்று அளவு எடுக்கப்படவில்லை, நட்சத்திரம் என்றால் இரண்டு நாள் மழை சேர்ந்தது.

“அன்றைக்குப் பதினோரு மில்லிமீட்டர் இல்லை,” என்றேன். “ஆஸ்பத்திரித் தகரக் கூரையில் பெய்த பெய்யில், நர்ஸ் சொன்னது காதில் விழவில்லை.”

“அவ்ளோ ஞாபகமா மிஸ்? அப்ப சார் ஏன் அளக்கல?”

“அளந்தார். அன்றைக்கும் போனார்.”

“இல்லியே மிஸ். காலியா இருக்கே.”

வீட்டுக்கு வந்துவிட்டேன். குடையை அங்கேயே மறந்துவிட்டேன். நான் எதையும் மறக்கிறவள் அல்ல.

அக்டோபர் 22

எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிப் பார்க்கிறேன்.

குழந்தை பிறந்து மூன்றாவது நாள். ஆண். பலவீனமாக இருக்கிறான் என்று நர்ஸ் சிஸ்டர் வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். ஞானஸ்நானமும் அவரே கொடுத்தார். எனக்குக் காய்ச்சல். பத்தொன்பதாம் தேதி காலையில் சவரிராயன் கட்டில் அருகே வந்து நின்றார். பழுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். “மானி பார்த்துட்டு வந்துடறேன்,” என்றார். போனார். நடுப்பகல் தாண்டித்தான் வந்தார், தொப்பலாக நனைந்து. அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள், குழந்தை விடியும் முன்பே போய்விட்டது, அடக்கமும் முடிந்துவிட்டது என்று. அவருடைய அண்ணனும், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையும் கொண்டுபோனார்கள் என்றும் சொன்னார்கள்.

யார் சொன்னது? இன்று யோசித்தால் முகம் வரவில்லை. மாமியாரா, நர்ஸா, காய்ச்சலில் நானே சேர்த்துக்கொண்டதா?

பிள்ளை இறந்து கிடக்கும்போது மழை அளக்கப் போன மனிதர். வீட்டுக்கு வந்த வாரம் இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. இந்தப் பேச்சை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றேன். யாரும் எடுக்கவில்லை. அதன்பிறகு வாழ்நாளெல்லாம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நல்ல மனிதர்தான். காலை எட்டரைக்கு அவர் குடையை எடுக்கும்போது மட்டும் நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

இப்போது அந்தக் கட்டம் காலி என்கிறார்கள்.

மானியிடம் போகவில்லை என்றால் பகல்வரை எங்கே இருந்தார்? அவர் பூட்ஸ் முழுக்கச் செம்மண். இப்படியா வார்டுக்குள் வருவது என்று அந்தக் காய்ச்சலிலும் நினைத்தேன். பள்ளியில் புல்தரைதான், செம்மண் கிடையாது. கல்லறைத் தோட்டத்துச் சரிவில் உண்டு.

காய்ச்சலில் பார்த்ததை மதர் ஏற்றுக்கொள்ள மாட்டார். இன்னொரு ஆள் சொல்ல வேண்டும். ரோசாலி இருக்கிறாள்.

அக்டோபர் 24

ரோசாலி அவருடைய தங்கை. கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறாள். அன்று பள்ளிக்கூடப் பெண், ஆஸ்பத்திரியில் எனக்குத் துணைக்கு இருந்தவள். போன் செய்தேன். இரண்டு நாளாக எடுத்து எடுத்து வைத்துவிட்டு.

“என்ன அண்ணி, அதிசயமா நீங்களா கூப்பிடறீங்க? உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“நன்றாக இருக்கிறேன். ஒன்று கேட்கணும். குழந்தையை யார் எடுத்துக்கொண்டு போனது?”

“எந்தக் குழந்தை அண்ணி?” என்றாள். டிவி சத்தம் குறைந்தது. “அண்ணன்தான். வேற யாரு?”

“பெரிய அண்ணன் இல்லையா?”

“அவரு குடை புடிச்சாரு. குழந்தை நம்ம அண்ணன் கையிலதான். கோட்டுக்குள்ள வெச்சுப் பட்டன் எல்லாம் போட்டுக்கிட்டாரு. எதுக்குண்ணா அப்படின்னேன். மழையா இருக்கு, குளிரும்னாரு.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போறதுன்னு தெரியாம வராந்தாவுல ரொம்ப நேரம் நின்னாரு அண்ணி. உங்களுக்கு அப்ப காய்ச்சல் ஏறிக் கெடந்துச்சு, சொல்லக் கூடாதுன்னுட்டாங்க டாக்டர். உள்ள போயிட்டு வந்தாரு. என்னண்ணா சொன்னீங்கன்னு கேட்டேன். தினமும் சொல்றதைச் சொன்னேன்னாரு.”

“ஏன் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை?”

“நீங்கதானே அண்ணி அந்தப் பேச்சே கூடாதுன்னுட்டீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பிறகு அவளுடைய பேரன் வேலை, சர்க்கரை மாத்திரை என்று பேசினாள். ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 25

தையல் டேப்பை எடுத்துக் கோட்டை அளந்தேன். தோள், கை, உயரம். அவருடைய வெள்ளைச் சட்டையின் அளவேதான். சுருங்கவில்லை.

அக்டோபர் 27

பள்ளிக்குப் போனேன். என் குடை கணினி அறைக் கதவில் தொங்கியது. சிஸ்டர் ஜோவிட்டாவும் இருந்தார். சவரிராயன் காலத்து மழையை மட்டும் எழுதிய ரிஃபானாவின் அட்டைகளைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரே ஒரு குறை.

“ஒரு கட்டம்தானே கிளாரிஸ் மிஸ். போன வருஷம் காலி விட்டதுக்கு நடுவர் மார்க்கைக் குறைச்சிட்டார். அந்தப் பதினொன்னு புள்ளி ரெண்டைப் போட்டுடட்டுமே. மாநில அளவுக்குப் போக வேண்டிய பொண்ணு.”

“அது உண்மை இல்லை, சிஸ்டர்.”

“அதுக்காகக் காலியா விட்டா, அன்னைக்கு மழையே இல்லைன்னு ஆயிடாதா?”

“மழை பெய்தது. யாரும் அளக்கவில்லை. இரண்டும் உண்மை.”

“அளக்கறது சாரோட கடமைதானே மிஸ்?”

“அன்றைக்கு இல்லை,” என்றேன்.

குரல் சற்று உயர்ந்துவிட்டது. ரிஃபானா என்னையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“விட்ருங்க சிஸ்டர்,” என்றாள் சுகப்ரியா. “நம்மளே நெரப்பிட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த லிஸ்ட்டை மாட்டறது? எந்த சைட்டை எடுக்கணும்னு நம்ம பொண்ணே கண்டுபுடிச்சிருக்கா.”

எதைப் பார்த்தாலும் நம்பிவிடுகிறவளாம்.

சிஸ்டர் ரிஃபானாவைக் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, “காலியாவே இருக்கட்டும் சிஸ்டர்,” என்றாள். இருக்கட்டும். அந்தச் சொல்லை ஒருவர் வாயில் கேட்டு நாளாகிறது.

வண்ணப் பக்கத்தை என் கையாலேயே பட்டியலிலிருந்து அடித்தேன். பழைய பக்கத்தைச் சேர்த்தோம். பட்டியலின் தலையில் மதரின் இரண்டு கேள்விகளையும் எழுதி, கீழே இன்னொன்றும் எழுதச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறதா?

“இதுவும் மதர் கேட்டதா மிஸ்?”

“இல்லை. என் வீட்டுக்காரர்.”

சுகப்ரியா தட்டச்சு செய்துகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இவளுக்கும் நல்ல வளர்ப்புதான்.

அக்டோபர் 31

ஊட்டியில் கண்காட்சி. நான் போகவில்லை. சாயங்காலம் சுகப்ரியா போன் செய்தாள். நடுவர் நேராக வந்து அந்தக் கட்டத்தில்தான் விரலை வைத்தாராம்.

“இது ஏம்மா காலி?”

“அன்னைக்கு அளக்கல சார்.”

“பக்கத்து ஊர்க் கணக்கை வெச்சுப் போட்டிருக்கலாமே?”

“போடலாம் சார். ஆனா தலைப்பு ‘நம் ஊர் மழை’ சார்.”

“சரி, ஏன் அளக்கல?”

“தெரியாது சார்,” என்றாளாம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு மட்டும்தான் மாநிலத்துக்குப் போகும். போனை ரிஃபானா பிடுங்கிக்கொண்டாள். “மிஸ், அந்தக் கட்டத்துக்குத்தான் மார்க் போச்சு மிஸ். பரவால்ல. அத்தா உங்களுக்கு வர்க்கி குடுத்து விடறேன்னு சொன்னாங்க.”

அந்தப் பெண்ணுக்கு ஏன் என்று சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அங்கே சொல்லியிருப்பாள். சொல்லாததும் நல்லதுதான்.

வர்க்கி வந்துவிட்டது. மொறுமொறுவென்று இருக்கிறது.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். கூட்டம் சேருமுன் போய்விட்டேன்.

எப்போதும் மேல்தட்டில் சவரிராயனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். சிறு பிள்ளைகளை வைக்கிற இடம் கீழ்ச் சரிவில். வழுக்கும். என் முழங்காலுக்கு ஆகாது. முழங்கால் நன்றாக இருந்த காலத்திலும் போனதில்லை.

இன்று கோட்டுப் போட்டுக்கொண்டேன். எனக்குத் தொளதொளவென்று முழங்கால்வரை வருகிறது. கேட்டில் இப்போதைய கோயில்பிள்ளை பார்த்துவிட்டு, “புதுசாம்மா?” என்றார். பழையது என்றேன். இறங்கும்போது கையைக் கொடுத்தார்.

கீழே கல் இல்லை, சிலுவை இல்லை. எல்லாம் எப்போதோ மழையோடு போயிருக்கும். எந்த இடம் என்று காட்ட ஒருவரும் இல்லை. சரிவின் நடுவில் ஒரு இடம் பார்த்து மெழுகுவர்த்தியை ஊன்றினேன். மார்ட்டினுக்கு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். ஏற்ற ஏற்றச் சாரலில் அணைந்தது. கோட்டின் பட்டன்களைக் கழற்றி, ஒரு பக்கத்தை விரித்து மறைத்துப் பிடித்தேன். சுடர் நின்றது.

மேலே சவரிராயனிடம் வந்தபோது செருப்பு முழுக்கச் செம்மண். துடைக்கவில்லை. அப்படியே போய் நின்றேன்.

பள்ளி மணி கேட்டது. எட்டரை. நல்ல மழை. எவ்வளவு என்று தெரியாது.